கண்ணுக்குத் தெரியாத கசிவு

காற்றுக்கு எடை உண்டு என்பதை நாம் பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் அந்த எடையின் உதவியோடுதான் நாம் பயணம் செய்யும் டீசல் கார், டிரைவரின் கால் அழுத்தத்திற்குப் பணிந்து நிற்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த உதவி குறைந்துபோவதற்குப் பெரிய விபத்து எதுவும் நேர வேண்டியதில்லை. ஒரு ரப்பர் குழாயில் நூலளவு வெடிப்பு விழுந்தால் போதும். அதைப் பற்றியதே இக்கட்டுரை.

பெரம்பலூர் நகரில் இரயில் நிலையம் இல்லை. அரியலூரில் உண்டு, ஆனாலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்குச் சாலை வழியாகவே போக வேண்டும். ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதா ஆலயத்திற்கோ, வேளாங்கண்ணிக்கோ குடும்பத்தோடு போக எண்ணினால், பலரும் வாடகைக்கு அமர்த்துவது ஒரு டீசல் வண்டியைத்தான். டாட்டா சுமோவை எடுத்துக்கொள்வோம். அது 1994இல் விற்பனைக்கு வந்தது. 2019இல் அதன் உற்பத்தி நின்றது. ஆகவே இன்று நம் சாலைகளில் ஓடும் சுமோக்களில் பெரும்பாலானவை வயதான வண்டிகளே. எஞ்சின் நன்றாக உழைக்கும். ஆனால் அதன் ரப்பர் பாகங்களுக்கு எஞ்சினைப்போல் நீண்ட ஆயுள் இல்லை. நம் பகுதியின் கோடை வெயிலும், சுண்ணாம்புக்கல், சிமெண்டு லாரிகள் கிளப்பும் புழுதியும் அந்த ஆயுளை இன்னும் குறைக்கின்றன.

பெண் பிள்ளைகளுக்கு மோட்டார் வண்டியின் சங்கதி எதற்கு என்று சிலர் கேட்கலாம். வண்டியை ஓட்டுபவர் ஒருவர். அதில் உயிரை ஒப்படைத்து அமர்ந்திருப்பவர் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் ஒருவருக்காவது விவரம் தெரிந்திருப்பது நல்லதல்லவா? மேலும், இன்று பின் இருக்கையில் இருக்கும் மாணவி நாளை தானே வண்டியை ஓட்டப்போகிறவள்.

வெற்றிடத்தின் வலிமை

காற்றை வெளியேற்றிய இடத்தை வெற்றிடம் என்கிறோம். இளநீரை உறிஞ்சு குழலால் குடிக்கும்போது, நாம் இளநீரை இழுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் குழலில் உள்ள காற்றை மட்டுமே நாம் எடுக்கிறோம். வெளியே உள்ள காற்றின் அழுத்தம்தான் இளநீரை மேலே தள்ளுகிறது. குழலில் ஒரு சிறு ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வாய்க்கு வரும், இளநீர் வராது. இதுவே வெற்றிடக் கசிவு. இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு இனி வரும் யாவும் எளிது.

காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் உயரமுள்ள பாதரசத் தம்பத்தைத் தாங்க வல்லது என்பதை இத்தாலிய அறிஞர் டாரிசெல்லியின் சோதனை 17ஆம் நூற்றாண்டில் காட்டியது. அதே நூற்றாண்டில், ஜெர்மனியின் மக்டெபர்க் நகர மேயரான கெரிக் என்பவர் இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து வைத்து, உள்ளிருந்த காற்றைப் பம்பினால் வெளியேற்றினார். ஒட்டோ பசையோ இல்லாத அந்த அரைக்கோளங்களைக் குதிரைகள் பூட்டி இருபுறமும் இழுத்தும் பிரிப்பது அரிதாயிற்று. உள்ளே காற்றை விட்டதும் அவை தாமாகவே பிரிந்தன. கசிவு என்பது என்ன செய்யும் என்பதற்கும் அதுவே சான்று.

டீசல் காருக்குத் தனிப் பம்பு ஏன்?

பெட்ரோல் எஞ்சின் மூச்சிழுக்கும் வழியில் ஒரு தகடு கதவுபோல் நிற்கும். ஆக்சிலரேட்டரை விட்டதும் அக்கதவு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அப்போது எஞ்சின் காற்றுக்குத் திணறுவதால் அதன் உட்குழாயில் தானாகவே வெற்றிடம் உண்டாகும். பெட்ரோல் கார்கள் பலவற்றில் இந்த வெற்றிடமே பிரேக்குக்குத் துணையாகிறது.

ருடால்ப் டீசல் கண்ட எஞ்சினின் முறை வேறு. அது காற்றைத் தாராளமாக இழுத்துக்கொள்ளும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் டீசலின் அளவு மட்டுமே மாற்றப்படும். எனவே பழைய டீசல் எஞ்சின்களின் மூச்சுக்குழாயில் பயன்படத்தக்க வெற்றிடம் கிடைப்பதில்லை. அதற்காகவே ஒரு தனிப் பம்பு பொருத்தியிருக்கிறார்கள். பட்டறைகளில் இதை ‘வேக்கம் பம்ப்’ என்பார்கள். சுமோ போன்ற வண்டிகளில் இது பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் அமர்ந்திருக்கும். இரண்டுக்கும் அச்சு ஒன்றே. ஒரே பெல்ட் இரண்டையும் சுழற்றுகிறது. பம்பின் உள்ளே சுழலும் தகடுகளுக்கு எஞ்சின் ஆயில் ஒரு சிறு குழாய் வழியாக வந்து, பிறகு எஞ்சினுக்கே திரும்பிச் செல்கிறது.

பம்பிலிருந்து ஒரு ரப்பர் ஓஸ், டிரைவருக்கு முன்னால் எஞ்சின் அறையின் சுவரில் உள்ள பெரிய வட்டப் பெட்டிக்குப் போகிறது. அதுவே பிரேக் பூஸ்டர். ஓஸ் பூஸ்டரைச் சேரும் இடத்தில் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. காற்று பூஸ்டரிலிருந்து பம்பை நோக்கிப் போகலாம்; திரும்பி வரக்கூடாது. எஞ்சின் நின்றுவிட்டாலும் இரண்டு மூன்று முறை பிரேக் பிடிக்கத் தேவையான வெற்றிடத்தைப் பூஸ்டரில் காத்துவைப்பது இந்தச் சிறிய வால்வுதான்.

250 கிலோ உதவி

பூஸ்டரின் உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வு, பெட்டியை முன்னறை, பின்னறை என இரண்டாகப் பிரிக்கிறது. பிரேக் பிடிக்காதபோது இரண்டு அறைகளிலும் வெற்றிடமே இருக்கும், சவ்வு அசையாது. டிரைவர் பெடலை மிதித்ததும் பின்னறைக்கு மட்டும் வெளிக்காற்று திறந்துவிடப்படுகிறது. அந்தக் காற்று சவ்வை முன்னே தள்ளி, பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குப் பலம் சேர்க்கிறது.

எவ்வளவு பலம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சவ்வின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஆரம் 10. பரப்பு 3.14 × 10 × 10, அதாவது 314 சதுர சென்டிமீட்டர். நல்ல பம்பு 600 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு வெற்றிடம் உண்டாக்கினால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.8 கிலோ வீதம் அழுத்த வேறுபாடு கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 250 கிலோ. அரியலூர் சிமெண்டு மூட்டை ஒன்று 50 கிலோ என்றால், ஐந்து மூட்டைகளின் பாரம் டிரைவரின் காலோடு சேர்ந்து தள்ளுகிறது! வெற்றிடம் கசிந்து பாதியாகிவிட்டால் அவ்வுதவியும் பாதியாகிவிடும்; முற்றும் போனால் மனிதனின் கால் மட்டுமே மிச்சம்.

இங்கே இரயிலையும் காரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அரியலூர் வழியாக ஓடிய பழைய இரயில்களிலும் வெற்றிட பிரேக் இருந்தது. ஆனால் அதில் வெற்றிடம் பிரேக்கை விலக்கிப் பிடித்திருக்கும். அபாயச் சங்கிலியை இழுத்தால் குழாய்க்குள் காற்று புகும்; உடனே பிரேக் பிடித்துக்கொள்ளும். பெட்டிகள் அறுந்து பிரிந்தாலும் அவ்வாறே நின்றுவிடும். இன்று இரயில்களில் காற்றழுத்த பிரேக் வந்துவிட்டது. ஆயினும் குழாய் அறுந்தால் வண்டி நிற்க வேண்டும் என்ற தத்துவம் மாறவில்லை. காரின் பூஸ்டரோ இதற்கு நேர்மாறு. இங்கே கசிவு வண்டியை நிறுத்தாது. நிறுத்தும் பலத்தைக் குறைக்கும். ஆகவே கசிவை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கசிவு காட்டும் அடையாளங்கள்

முதல் அடையாளம், பெடல் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருப்பது. ‘பிரேக் கட்டை மாதிரி இருக்கிறது’ என்று டிரைவர்கள் சொல்வார்கள். இரண்டாவது, பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது காலடியில் ‘உஸ்’ என்ற ஓசை விடாமல் கேட்பது. மிதிக்கும் கணத்தில் சிறிது ஓசை கேட்பது இயல்பு. நிற்காமல் கேட்பதே குறை. மூன்றாவது, அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்ததும் பெடல் இறுகிவிடுவது. நெரிசலான கடைவீதியில் இது நன்றாகத் தெரியும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பெடல் கெட்டியானால் முதலில் வெற்றிடத்தைச் சந்தேகிக்கலாம். பெடல் பஞ்சுபோல் மெத்தென்று தரை வரை இறங்கினால் அது பிரேக் ஆயில் கோளாறு. வண்டியை ஓரடிகூட நகர்த்தக் கூடாது. பழைய அம்பாசிடர் போன்ற சில வண்டிகளில் பூஸ்டரே இல்லாததால், அவற்றின் பெடல் இயல்பாகவே சற்றுக் கனமாக இருக்கும். ஆகவே ‘நேற்றைக்கு இன்று மாறியிருக்கிறதா?’ என்பதே சரியான கேள்வி.

இருக்கையில் அமர்ந்தே செய்யும் மூன்று சோதனைகள்

இவற்றுக்குக் கருவி எதுவும் வேண்டாம். வண்டி சமதரையில், கியர் நியூட்ரலில், கைபிரேக் போட்டு நிற்க வேண்டும். டிரைவரோ, வண்டியோட்டத் தெரிந்த பெரியவரோ செய்யட்டும். மாணவியர் உடனிருந்து கவனிக்கலாம்.

முதல் சோதனை: எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதிக்கவும். மிச்சமிருந்த வெற்றிடம் தீர்ந்து பெடல் இறுகும். அப்படியே மிதித்துக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யவும். பெடல் காலடியில் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கினால் வெற்றிடம் வந்து சேர்கிறது என்று பொருள். இறங்காவிட்டால் பெல்ட், பம்பு, ஓஸ், வால்வு, பூஸ்டர் இவற்றில் எங்கோ குறை.

இரண்டாம் சோதனை: எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தவும். ஐந்து நிமிடம் கழித்துப் பெடலை மிதிக்கவும். முதல் மிதி மெதுவாக, ஆழமாக இறங்க வேண்டும். அடுத்தடுத்த மிதிகள் சிறிது சிறிதாக உயர வேண்டும். முதல் மிதியே கல்லாக இருந்தால், சேமித்த வெற்றிடம் கசிந்துவிட்டது. ஒருவழி வால்வும், அது சொருகியிருக்கும் ரப்பர் வளையமும், பூஸ்டரும் சந்தேகத்திற்கு உரியவை.

மூன்றாம் சோதனை: எஞ்சின் ஓடும்போதே பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு எஞ்சினை நிறுத்தவும். அரை நிமிடம் காலை எடுக்க வேண்டாம். பெடல் இருந்த இடத்திலேயே நின்றால் நலம். காலைத் தள்ளிக்கொண்டு மேலே எழுந்தால் வால்விலோ பூஸ்டரிலோ கசிவு உண்டு.

கசிவைத் தேடும் வரிசை

கோளாறு உண்டென்று தெரிந்ததும் பூஸ்டரையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. பூஸ்டர் விலை அதிகம். ஓஸும் கிளிப்பும் சொற்ப விலை. எனவே மலிவானதிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்ப்பதே முறை.

முதலில் பெல்ட். பெல்ட் தளர்ந்தால் பம்பும் ஆல்டர்னேட்டரும் ஒருசேர மந்தமாகும். ஆகவே பெடல் கெட்டியாகி, அதே வேளையில் பாட்டரி விளக்கும் எரிந்தால், பெல்ட்டைப் பார்க்காமல் வேறு எதையும் கழற்ற வேண்டாம்.

அடுத்து ஓஸ். எஞ்சின் சூட்டில் அதன் முனைகளே முதலில் வெடிக்கும். கிளிப் இறுக்கும் இடத்தை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும். சில ஓஸ்கள் வெளியே நன்றாகத் தோன்றினாலும் உள்ளே உப்பி வழியை அடைத்துவிடும்; சில மெலிந்துபோய், வெற்றிடம் இழுக்கும்போது சப்பையாக ஒட்டிக்கொள்ளும். ஒருவழி வால்வைக் கழற்றித் துடைத்து இருபுறமும் ஊதிப் பார்க்கலாம். பூஸ்டர் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும். மறுபக்கமிருந்து ஊதினால் போகக் கூடாது. பூஸ்டர் பக்கத்தில் எஞ்சின் ஆயில் காணப்பட்டால் வால்வு பழுதாகியிருக்கலாம். எஞ்சின் நின்றபின் பூஸ்டரின் வெற்றிடம் பம்பிலுள்ள ஆயிலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

சைக்கிள் டியூபின் ஓட்டையைத் தண்ணீரில் முக்கிக் கண்டுபிடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே முறையை எண்ணி, ஓடும் எஞ்சினின் ஓஸில் சோப்புநுரையைத் தடவி, குமிழி வரவில்லையே என்று திருப்தியடைவது தவறு. டியூபில் காற்று வெளியே வருகிறது. இங்கே காற்று உள்ளே போகிறது. உள்ளே போகும் காற்று குமிழி காட்டாது. ஓஸை முழுவதும் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பினால் மெல்லக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கினால் நூலளவு வெடிப்பும் குமிழி விடும். கழற்றிய ஓஸுக்கு மட்டுமே இம்முறை. பூஸ்டருக்குள் காற்றடிக்கக் கூடாது.

ஓஸும் வால்வும் நல்லவை என்றால் பம்பைச் சோதிக்க வேண்டும். மெக்கானிக் வெற்றிட அளவுமானியைப் பம்பின் வாயில் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பார். முள் விரைவாக ஏறி 600 மில்லிமீட்டரையொட்டியோ அதற்கு மேலோ நின்றால் பம்பு நன்று. பிறகு ஓஸைச் சேர்த்துப் பார்ப்பார். பிறகு பூஸ்டரையும் சேர்த்துப் பார்ப்பார். எதைச் சேர்த்தபோது முள் இறங்கியதோ அதிலேதான் கசிவு. சில வண்டிகளில் புகையைக் குறைக்கும் சாதனத்திற்கும் டர்போவுக்கும் இதே வெற்றிடம் மெல்லிய கிளைக் குழாய்களில் போகும். அவற்றையும் ஒவ்வொன்றாக அடைத்துப் பார்க்க வேண்டும். கிளைக் குழாயில் போகும் கசிவும் பிரேக்கின் பங்கிலிருந்தே போகிறது. 

பம்பின் உள்தகடுகள் தேய்வதற்கு ஒரு முக்கிய காரணம் அழுக்கேறிய ஆயில். குறித்த காலத்தில் எஞ்சின் ஆயிலை மாற்றுவது பிரேக்கையும் காக்கும். கடைசியாகப் பூஸ்டர். பிரேக் ஆயில் வெளியே எங்கும் ஒழுகாமலே குறைந்துகொண்டு வந்தால், அது மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கமாகப் பூஸ்டருக்குள் இறங்கி, சவ்வைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டையும் சேர்த்தே சீர்செய்ய வேண்டும்.

செய்யக் கூடாதவை

கசிவைக் கண்டுபிடிக்கச் சிலர் எஞ்சின் மேல் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான எஞ்சினில் அது தீயை அழைப்பதற்குச் சமம். டீசல் காரின் வெற்றிடக் குழாய் மூச்சுக்குழாயோடு சேராததால் அதனால் பயனும் இல்லை.

அதைவிடப் பெரிய தவறு, டீசலை மிச்சப்படுத்த இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடுவது. எஞ்சின் நின்றால் பம்பும் நின்றது. பூஸ்டரில் இருப்பது இரண்டு மூன்று மிதிகளுக்கான வெற்றிடம் மட்டுமே. கசிவிருந்தால் அதுவும் இல்லை. பச்சைமலைச் சாலையிலோ, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ இப்படி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசலின் விலைக்கு எட்டு உயிர்களை அடகு வைக்கலாமா? பெற்றோர்கள் வண்டியை அமர்த்தும்போதே, ‘தம்பி, இறக்கத்தில் எஞ்சினை அணைக்க வேண்டாம்’ என்று அன்போடும் உறுதியோடும் சொல்லிவிட வேண்டும்.

ஓடும்போது வெற்றிடம் போய்விட்டால் பிரேக்கே போய்விட்டதாகக் கலங்க வேண்டியதில்லை. பிரேக் ஆயிலின் வழி அப்படியே இருக்கிறது, உதவிதான் இல்லை. பெடலை விட்டுவிட்டு மிதிப்பதால் எஞ்சியிருக்கும் வெற்றிடமும் வீணாகும். காலை எடுக்காமல் முழுப் பலத்தோடு ஒரே சீராக அழுத்தி, கியரைப் படிப்படியாகக் குறைத்து, ஓரத்தில் நிறுத்த வேண்டும். சீர்செய்யும் வரை பயணத்தைத் தொடரக் கூடாது.

அன்பு மாணவியரே, பெரிய ஓட்டைகள் ஓசை எழுப்பித் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். சிறிய கசிவு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தைத் திருடும். காலும் அதற்குப் பழகிப்போகும். ‘இந்த வண்டி இப்படித்தான்’ என்று சொல்லத் தொடங்குவதே அபாயத்தின் முதல் படி. மனச்சான்றின் காரியமும் இப்படித்தான் என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருப்பீர்கள்.

நம் வண்டிகளின் முன்புறத்தில் வேளாங்கண்ணி மாதாவின் படம் இருக்கிறது. ஏறியதும் சிலுவை அடையாளம் வரைந்து செபிக்கிறோம். அது நல்ல வழக்கம், என்றும் தொடரட்டும். அதனோடு, புறப்படுமுன் முதல் சோதனையை ஒருமுறை செய்துகாட்டும்படி டிரைவர் அண்ணனிடம் மரியாதையாகக் கேளுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பெடல் சற்றே இறங்கினால் மகிழ்ச்சியோடு புறப்படலாம். இறங்காவிட்டால், அன்றைய பயணத்தை ஒத்திவைக்கும்படி வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லத் தயங்காதீர்கள்.